ஒரே ஒரு ஊதல்

வக்கீலம்மாவின் அறையில் அன்று இருந்தவர்கள் ஆறு பேர். வக்கீலம்மா, அவருடைய குமாஸ்தா, குற்றம் சாட்டப்பட்ட மருமகன், அவருக்கு வாழ்க்கைப்பட்ட மகள், எல்லோரையும் தன் காரில் அழைத்து வந்த மச்சினன், ஜன்னல் ஓரத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த முத்திரைக்காரர். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்ட உறவினர்கள் உண்டு. அவர்கள் இருக்கவில்லை.

முத்திரைக்காரர் என்பது பட்டப்பெயர். மகளும் மருமகனும் அவருடையவர்கள், மச்சினன் அவர் மனைவியின் தம்பி. முப்பத்தொரு வருஷம் அளவைக் கூடத்தில் வேலை பார்த்தவர். கடைத் தராசு, எடைக்கல், பெட்ரோல் பம்ப் என்று எதையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைத்து அனுப்புவார். கடைசிப் பத்து வருஷம் அவர் பார்த்தது ஊதுகருவிகளை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் போலீசார் நிறுத்தி ஊதச் சொல்வார்களே, அந்தக் கருவிகளை. வீட்டிலும் அவர் அப்படித்தான். பால் டம்ளரைக் கையில் கொடுத்தால் அது வழக்கமான அளவுக்கு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று மச்சினன் கேலி செய்வான்.

மருமகன் ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டுகிறவர். சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து, ரத்தச் சுத்திகரிப்பு முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. ஒரு நாள் உடன் வேலை செய்பவருக்கு மாற்றல் வந்தது என்று ஒரு விருந்து. அதில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, தன் சொந்தக் காரில் வீட்டுக்குப் போகும்போது, மாலை ஆறரை மணிக்கு ஒரு தெருமுனையில் நிறுத்தினார்கள். ஊதினார். சட்டம் விட்டுவைக்கும் அளவு முப்பத்தைந்து. அதற்கு மேல் போனால் குற்றம். அவருடைய சீட்டில் முப்பத்தெட்டு என்று வந்தது. தண்டனை கிடைத்தால் உரிமம் ஒரு வருஷத்துக்குப் போய்விடும். உரிமம் போன ஓட்டுநரை ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளாது.

அன்றிலிருந்து ஐந்து வாரமாக முத்திரைக்காரர் மருமகனோடு பேசவில்லை. "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் போலீஸ் படி ஏறினவன் கிடையாது" என்று மட்டும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். மகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால்தான் வக்கீலைப் பார்க்க வந்தார். அதுவும் உதவி செய்ய இல்லை. சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான்.

"கருவி பொய் சொல்லாதும்மா" என்று உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். "முப்பத்தெட்டுன்னு காட்டினா முப்பத்தெட்டுதான். குடிச்சவர் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டுப் போறதுதான் மரியாதை."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலம்மா கோபப்படவில்லை. குமாஸ்தா நீட்டிய கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பொய் சொல்லாதுன்னு நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு சார். இந்தக் கருவி ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு எண் போடும். மனுஷன் ஊதினாலும் சரி, சோதனைக் கூடத்துல ஜாடியிலேருந்து காத்தை ஊதினாலும் சரி. இல்லையா?"

"போடும். அதை யாரும் அழிக்க முடியாது."

"கூடத்துக்கு அனுப்பறதுக்கு முந்தி போலீஸ்காரங்க கடைசியாப் போட்ட எண் 2217. சோதனை முடிஞ்சு திரும்பி வந்து முதல்ல ஊதினவர் எண் 2219. நடுவுல ஒண்ணே ஒண்ணு. ஆனா சான்றிதழ்ல ஆறு தடவை சோதிச்சதா ஆறு அளவு எழுதியிருக்கு. ஐம்பது, நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பது, நாற்பத்தொன்பது. மீதி அஞ்சு ஊதல் எங்க சார் போச்சு?"

முத்திரைக்காரர் தாளைக் கையில் எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்தார். சான்றிதழில் பெயர் அச்சடிக்கும் வழக்கம் கிடையாது. அதிகாரி எண் பதினாலு என்று இருந்தது. அதன் கீழே ஒரு கையெழுத்து. எழுத்து எதுவும் புரியாது. முடிவில் மட்டும் தராசுக் கோல் போல நேராக இழுத்த ஒரு கோடு.

"எண் போடற இடத்துல கோளாறு இருக்கலாம்" என்றார்.

"இப்பத்தானே அத்தான் கருவி பொய் சொல்லாதுன்னீங்க" என்றான் மச்சினன். "ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள்ள கெட்டுப் போச்சா?"

"நீ வாயை மூடு."

"அரசு வக்கீலும் அதைத்தான் சொல்வார்" என்றார் வக்கீலம்மா. "எண் தப்பு, சான்றிதழ் சரின்னு. பதினாலாம் எண் அதிகாரி யாருன்னு ரெண்டு தடவை துறைக்கு எழுதிட்டேன். பதில் இல்ல. அவர் வந்து சொன்னா ஒழிய கோர்ட்டுல இதை நிலைநிறுத்தறது கஷ்டம். உங்களுக்கு யாருன்னு தெரியுமா சார்?"

மகள் சான்றிதழைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு சுட்டுவிட்டது போல விரலை எடுத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அவள் தன்னைப் பார்க்காமல் இருப்பதை முத்திரைக்காரர் கவனித்தார்.

"தெரியாது" என்றார்.

மறுநாள் முற்பகலில் மகள் தனியாக வீட்டுக்கு வந்தாள். முத்திரைக்காரர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தக் கோடு."

"எந்தக் கோடு?"

"பத்து வருஷம் என் மார்க் சீட்டுல நீங்க போட்ட கோடு. நீயே ஸ்கேல் வெச்சுப் போட்டியான்னு டீச்சர் என்னைக் கேட்பாங்க."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. மனைவி குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது. தப்பிக்க வழியில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

ஓய்வு பெறுகிற வாரம். மேஜையில் எட்டுக் கருவிகள். ஒரு கருவியைச் சோதிக்க ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆகும். அளவு தெரிந்த சாராயக் கரைசலை ஜாடியில் ஊற்றி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, அதன் வழியாகக் காற்றைச் செலுத்திக் கருவிக்குள் ஊத வேண்டும். கருவி ஐம்பது என்று காட்ட வேண்டும். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். அதற்கு மேல் விலகினால் முத்திரை கிடையாது. ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவே கருவி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி ஆறு தடவை. ஐந்து கருவிகளை அப்படியே ஒழுங்காகச் செய்தார். ஆறாவதற்கு வரும்போது கரைசல் புட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. புதுப் புட்டி அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரம் அவர் அங்கே இருக்கமாட்டார்.

மூன்று கருவிகளையும் 'நிலுவை' என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் நாற்காலிக்கு வரப்போகிறவர், "பெரியவர் பாதியில விட்டுட்டுப் போயிட்டார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு இருந்தது. பகல் பதினொரு மணிக்கு, இருந்த கரைசலை வைத்து கருவிக்கு ஒரு ஊதல் கொடுத்தார். மீதி ஐந்தையும் ஊதாமலே எழுதினார். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து எழுதினார். சாயங்காலம் பிரிவுபசாரம். மேஜையில் ஒரு தாளைக்கூட மிச்சம் வைக்காமல் போகிற மனிதர் என்று மேலதிகாரி பேசினார். அந்த ஒரு வாக்கியத்தை முத்திரைக்காரர் ஏழெட்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் மகளிடம் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த மூன்றில் முதல் இரண்டு கருவிகளும் ஐம்பது, நாற்பத்தொன்பது என்று காட்டின. மூன்றாவது, மருமகன் ஊதிய இந்தக் கருவி, ஐம்பத்து மூன்று காட்டியது. கரைசல் கொஞ்சம் சூடேறிவிட்டது, அதனால்தான் கூடுதலாகக் காட்டுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஐம்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது என்று எழுதினார். ஜாடியிலிருந்து ஊதினால் கருவி எண் மட்டும்தான் போடும், அளவை வைத்துக்கொள்ளாது. ஆகவே அது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மகள் மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நேத்தே அவர்கிட்ட சொல்லிட்டேன்பா, இது உங்க கையெழுத்துன்னு."

முத்திரைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன சொன்னார்?"

"'மாமாவைக் கூண்டுல ஏத்த வேண்டாம். நான் குடிச்சது நிஜம்தானே. ஒத்துக்கறேன், வேற வேலை பார்த்துக்கறேன்'னார்."

அவருக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு வந்த நாட்களில் எத்தனையோ விஷயங்களுக்கு அவர் கூனிக்குறுக வேண்டியிருந்தது. ஆனால் அந்த மேஜையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது மனதுக்குள் வந்த அந்த நிம்மதியை நினைத்தால்தான் அவருக்கு இன்றைக்கும் காது மடல் சுடும். ஐந்து வாரமாக முகம் கொடுத்துப் பேசாத ஒருவர், தன் பிழைப்பை விட்டுக்கொடுத்து இவர் மானத்தைக் காப்பாற்றுகிறார். இவரும் சரி என்று வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். சாப்பிட்டார். பேப்பர் படித்தார். மனைவி மட்டும் பால் டம்ளரைக் கொடுக்கும்போது, "அளவு சரியா இருக்கா, பார்த்துக்குங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

மூன்றாம் நாள் மருமகன் வந்தார். உள்ளே வராமல் வாசல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"உட்காருங்க" என்றார் முத்திரைக்காரர்.

"இல்ல மாமா, ட்ரிப் இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். என் விஷயத்தை விடுங்க. அந்தக் கருவியை மட்டும் எப்படியாவது அவங்க கையிலேருந்து எடுக்கச் சொல்லுங்க. நேத்தும் அதே முனையில அதை வெச்சுத்தான் நிறுத்திக்கிட்டிருந்தாங்க. நான் வண்டியில போகும்போது பார்த்தேன். நீங்க சொன்னாக் கேட்பாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். குற்றம் சாட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் முத்திரைக்காரருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உட்கார்ந்து துறைக்கு ஒரு கடிதம் எழுதப் பார்த்தார். 'சில காரணங்களால் மேற்படி கருவியை மறுசோதனைக்கு உட்படுத்துவது நல்லது' என்று எழுதினார். என்ன காரணம் என்று கேட்பார்களே என்று கிழித்தார். 'பொதுநலன் கருதி' என்று எழுதினார். அதையும் கிழித்தார். பிறகு மகள் மூலம் குமாஸ்தா கொடுத்தனுப்பிய கருவிப் பதிவின் நகலை எடுத்துப் பார்த்தார். கருவி போட்ட எண்கள் வரிசையாக இருந்தன. 2219-இல் ஆரம்பித்து 2282 வரை. ஒரு வரிக்கு ஒரு ஆள். விரலை வைத்து எண்ணினார். அறுபத்து நான்கு பேர். சில வரிகளில் அறுபது, எழுபது என்று இருந்தது. அவர்களை மூன்று என்ன செய்யும். ஆனால் முப்பத்தாறு இரண்டு பேர். முப்பத்தேழு ஒருவர். முப்பத்தெட்டு நாலு பேர். அதில் ஒருவர் தன் மருமகன். மற்ற ஆறு பேரும் எந்தத் தெருவில், யாருக்கு மாமாவோ மாப்பிள்ளையோ.

சட்டையை மாற்றிக்கொண்டு வக்கீலம்மாவின் அறைக்குப் போனார். உட்காரவில்லை.

"பதினாலாம் எண் நான்தான்" என்றார்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்குத் தெரியாதுன்னீங்களே சார்."

"அன்னைக்குப் பொய் சொன்னேன்."

கோர்ட்டில் கூட்டம் அதிகமில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு படிக்கிற நீதிபதி. சளி பிடித்த அரசு வக்கீல். பின் வரிசையில் மகளும் மச்சினனும், அவன் துணைக்குக் கூட்டிவந்த இரண்டு உறவினர்களும். முத்திரைக்காரர் கூண்டில் நேராக நின்றார். கைப்பிடியைத் தொடவில்லை. வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் கேட்ட அளவுக்குப் பதில் சொன்னார். கையெழுத்து என்னுடையது. ஆறு தடவை என்று எழுதினேன். ஒரு தடவைதான் செய்தேன். மீதி அளவுகள் நானாக எழுதியவை.

அரசு வக்கீல் எழுந்தார்.

"குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மருமகன்."

"மகளுடைய வீட்டுக்காரர். அவர் வேலை போயிடும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"முப்பத்தொரு வருஷம் கைசுத்தமா இருந்தவர், ஓய்வு பெற்றபிறகு வந்து, நான் ஏமாத்தினேன்னு சொல்றீங்க. உங்க மருமகன் மாட்டினபிறகு."

"ஆமாம்."

"இதை ஏன் நம்பணும்?"

"என்னை நம்ப வேண்டாம். எண்ணைப் பாருங்க. 2217-க்கும் 2219-க்கும் நடுவுல ஒரு எண்தான் இருக்கு."

அரசு வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "சரி. அந்த ஒரு தடவை ஊதினீங்களே. கருவி எவ்வளவு காட்டிச்சு? ஐம்பதுதானே? அப்ப கருவி சரியாத்தானே இருந்திருக்கு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாளில் ஐம்பது என்றுதான் இருந்தது. சோம்பலாக இருந்துவிட்டார், மற்றபடி கருவியில் குறையில்லை என்று அதோடு போயிருக்கும். முத்திரைக்காரர் முதல் தடவையாகக் கைப்பிடியைப் பிடித்தார்.

"ஐம்பது இல்லை. ஐம்பத்து மூன்று காட்டியது. ஐம்பதுன்னு எழுதினேன்."

வக்கீலம்மாவே திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது புதிது. அரசு வக்கீல் ஒரு தாளை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கணக்குப் போட்டார்.

"அதாவது மூணு கூடுதலாக் காட்டுது. உங்க மருமகன் அளவு முப்பத்தெட்டு. மூணைக் கழிச்சா முப்பத்தஞ்சு. சட்டம் விட்டுவைக்கிற அளவு. அச்சுல வார்த்த மாதிரி இருக்கே, பெரியவரே."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. முப்பத்தொரு வருஷத்தில் முத்திரைக்காரர் சொன்ன ஒரு அளவைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. அவரிடம் அந்த எண்ணுக்குச் சாட்சி கிடையாது. சாட்சியாக இருந்திருக்க வேண்டிய தாளில் அவரே வேறு எழுதியிருந்தார்.

நீதிபதி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் குடித்தார் என்பதில் சந்தேகமில்லை, அவரே மறுக்கவில்லை. ஆனால் இங்கே கேள்வி குடித்தாரா என்பது அல்ல, எவ்வளவு என்பதுதான். அதைச் சொல்லும் கருவி முறைப்படி சோதிக்கப்படவில்லை என்பதை அந்தக் கருவியின் எண்ணே காட்டுகிறது. சாட்சி சொன்ன ஐம்பத்து மூன்றை நம்புவதா வேண்டாமா என்று தான் முடிவுசெய்யத் தேவையில்லை, அதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் சான்றிதழ் நிற்காது. வழக்குத் தள்ளுபடி. கருவியை உடனே திரும்பப் பெற வேண்டும். அதை வைத்து ஏற்கனவே முடிந்த மற்ற வழக்குகளின் பட்டியலைத் துறை தாக்கல் செய்ய வேண்டும். சாட்சியின் நடத்தை குறித்துத் துறை விசாரிக்க வேண்டும்.

வெளியே நடைவழியில் ஒரு மரப் பெஞ்சு இருந்தது. முத்திரைக்காரர் அதில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக முதுகைச் சுவரில் சாய்த்தார். மருமகன் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மாமா, தண்ணி."

வாங்கிக் குடித்தார். மூடியைத் திருகி மூடினார்.

"நீங்க குடிச்சிட்டு வண்டி எடுத்தது தப்புதான், மாப்பிள்ளை."

"தப்புதான் மாமா."

"ம்."

அன்றைய வாசல் பேச்சைத் தவிர, ஆறு வாரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கிளம்பும்போது மருமகன் தன் கார்ச் சாவியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

விசாரணைக்கு அளவைக் கூடத்திலிருந்து கடிதம் வந்தது. போனார். மற்ற இரண்டு கருவிகளின் சான்றிதழ்களையும் முன்னால் வைத்தார்கள். இதுவும் நான், இதுவும் நான் என்றார். அவர் நாற்காலியில் இப்போது இருப்பவர் எழுந்து நின்று, "உட்காருங்க ஐயா" என்றார். மேஜையின் ஓரத்தில் 'நிலுவை' என்று சீட்டு ஒட்டிய நான்கு கருவிகள் இருந்தன. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது கடைசிக் கோட்டை இழுக்கவில்லை. அது உங்கள் கையெழுத்துப் போல இல்லையே என்றார்கள். இழுத்தார்.

அன்று கோர்ட்டில் இருந்த உறவினர்கள் மூலமாக விஷயம் குடும்பத்தில் பரவியது. பரவியது வேறு விதமாக. மச்சினன்தான் ஆரம்பித்துவைத்தான், மோசமான எண்ணத்தில் அல்ல. "எங்க அத்தான் மூளையைப் பாருங்க. மகளுக்காகத் தன் பேரையே கெடுத்துக்கிட்டார். முப்பத்தெட்டுல மூணைக் கழிச்சா முப்பத்தஞ்சு வரும்னு மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, ஐம்பத்து மூணுன்னு ஒரே போடாப் போட்டார். அரசு வக்கீல் வாயைப் பிளந்துட்டான்." போகிற வீடுகளில் முத்திரைக்காரருக்கு முன்பைவிட மரியாதை கூடியது. பெரியவர்கள் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் அவரைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். குடும்ப மானத்துக்காகப் பொய் சொன்னவர் என்று பெயர். சில வாரங்கள் அவர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அதுவும் அவர் செய்ததுதான், மறைப்பதற்கில்லை.

அந்தப் பேச்சு இன்னும் நடக்கிறது. அது தவறு. அவர் கூண்டில் பொய் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று என்பது கணக்குப் போட்டுச் சொன்ன எண் அல்ல. கருவி அன்று காட்டியது ஐம்பத்து மூன்றுதான்.